டீசலுக்கு ஒரு கொக்கி

நாய்க்குக் கொக்கி இருந்தது. ஆர்டிஸுக்கு இல்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, ஐம்பத்தொன்பது வயதுப் பெண்மணிக்கு இவ்வளவு கோபம் ஆகுமா என்று யாரும் ஆர்டிஸைக் குறை சொல்லக்கூடாது. ஆகும். எனக்கே ஆகிறது.

பனி உருகும் மார்ச் மாதச் சனிக்கிழமை அது. மினசோட்டாவில் எங்கள் பக்கத்து வயல்கள் அந்த மாதத்தில் வயலில் கிடப்பதில்லை. பாதி வயல் பூட்ஸில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடும். அதற்குத்தான் பின்கட்டு. முன்வாசல் என்று ஒன்று எல்லா வீட்டுக்கும் உண்டு, பாதிரியாரும் இன்சூரன்ஸ்காரரும் வந்து தட்டுவதற்கு. மற்றவர்களுக்கெல்லாம் பின்கட்டு வழிதான். பூட்ஸைக் கழற்றுவது அங்கே, கோட்டை மாட்டுவது அங்கே, வாஷிங் மெஷினும் டிரையரும் பெரிய ஃப்ரீசர் பெட்டியும் அங்கேதான்.

ஆர்டிஸ் நாற்பது கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டு, முட்டைக் கூடையோடு பின்கட்டுக்குள் காலை வைத்தாள். தரை முழுக்க நீல நிற டேப் ஒட்டியிருந்தது. கோடு கோடாக, கட்டம் கட்டமாக. நடுவில் மருமகள் நிக்கோலெட் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். காதில் பென்சில், மடியில் கட்டம் போட்ட காகிதம்.

"டேப்ப மிதிச்சிடாதீங்க ஆர்டிஸ்!" என்றாள்.

முப்பத்துநாலு வருஷமாகத் தான் துவைத்துக்கொண்டிருக்கும் அறையில் எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் ஆர்டிஸ் ஒற்றைக் காலில் நின்றாள்.

நிக்கோலெட் நியூ ஜெர்சிக்காரி. ஆர்டிஸின் மகன் டாரின் அங்கே வேலைக்குப் போன இடத்தில் அவளைக் கட்டிக்கொண்டான். அப்பா வெர்லினுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டதால், நிலத்தைப் பார்த்துக்கொள்ள போன அக்டோபரில் மனைவி, ஹாட்டி, ஜூனி என்று இரண்டு பெண் குழந்தைகள், ஒரு நாய் சகிதம் வந்து சேர்ந்தான். நாயின் பெயர் டீசல். வீட்டில் கால் வைக்க இடமில்லாமல் போனது அப்போதிலிருந்துதான். பின்கட்டைச் சீர்செய்யலாம் என்று நிக்கோலெட் ஆரம்பித்தாள். ஆளெல்லாம் எதற்கு, நாமே செய்துகொள்ளலாம் என்று வெர்லின் உற்சாகமாகிவிட்டான். முழங்கால்தான் போயிற்றே தவிர, ரம்பத்தைக் கண்டால் அவனுக்கு இன்னும் இருபது வயதுதான்.

"இங்க பாருங்க," நிக்கோலெட் எழுந்து காட்டினாள். "கதவுல இருந்து டிரையர் வரைக்கும் ஒரே நீளப் பெஞ்ச். ஆறு தடுப்பு. கீழ பூட்ஸ், நடுவுல உக்கார இடம், மேல ஆளுக்கு ஒரு கொக்கி. டிரையர் மேல துணி மடிக்கப் பலகை. மாமா எல்லாம் அளந்துட்டாரு. இதுக்கு மேல ஒரு அங்குலம் கூட இடம் கிடையாது. எப்படி இருக்கு?"

ஆர்டிஸ் சுவரைப் பார்த்தாள். நீல டேப்பில் கிழித்த ஆறு துண்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். வெர்லின். டாரின். நிக்கோலெட். ஹாட்டி. ஜூனி. டீசல்.

மறுபடியும் படித்தாள். கண்ணாடியில் பனி மூட்டம் போட்டிருக்கிறதோ என்று துடைத்துவிட்டுப் படித்தாள். ஆறுதான். ஆறாவது, நாய்தான்.

"வித்தியாசமா இருக்கு," என்றாள் ஆர்டிஸ்.

நிக்கோலெட்டின் முகம் மலர்ந்துவிட்டது. "இல்ல? எனக்கும் அப்படித்தான் தோணிச்சு! தேங்க்ஸ் ஆர்டிஸ்!"

எங்கள் பக்கத்தில் ஒரு பொருளைப் பார்த்து ஒருவர் 'வித்தியாசமா இருக்கு' என்று சொன்னால், அதை உடனே கண்ணுக்கு மறைவாக எடுத்துக்கொண்டு போ என்று அர்த்தம். அதைவிடக் கடுமையான வார்த்தை எங்களிடம் இல்லை. ஆர்டிஸ் தன் வாழ்நாளில் அதை நாலைந்து தடவைக்கு மேல் பயன்படுத்தியதும் இல்லை. ஓர் அணுகுண்டைத் தூக்கிப் போட்டிருக்கிறாள், இந்தப் பெண் அதைப் பூங்கொத்து மாதிரி வாங்கி வைத்துக்கொள்கிறாள்.

முட்டைக் கூடையை டிரையர் மேல் வைத்துவிட்டு ஆர்டிஸ் கோட்டைக் கழற்றினாள். வழக்கம்போல் ஃப்ரீசர் மூடி மேல் போட்டாள்.

அந்தக் கோட்டின் கதையையும் சொல்லியாக வேண்டும். அந்தச் சுவரில் ஏற்கெனவே நாலு கொக்கிகள் இருந்தன. கல்யாணமாகி அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது நாலிலும் ஆண்களின் கோட்டுகள் தொங்கின. சரி, இப்போதைக்கு இங்கே வைப்போம் என்று ஃப்ரீசர் மேல் வைத்தாள். அந்த 'இப்போதைக்கு' முப்பத்துநாலு வருஷமாக முடியவில்லை. யாராவது ஃப்ரீசரைத் திறந்தால் கோட் கீழே விழும். திறந்தவர்கள் இறைச்சியையோ ஐஸ்கிரீமையோ எடுத்துக்கொண்டு போவார்கள். கோட்டை அவள்தான் எடுப்பாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டக் காலையில் ஐந்தரைக்குக் கிளம்புகிறவள் அவள். கோழிக்கூட்டுக்கு ஒரு நாளைக்கு மூன்று நடை. அக்டோபரில் பீட் கிழங்கு அறுவடை என்றால் லாரி ஓட்டுவதும் அவள்தான். அந்தக் கதவு வழியாக அந்த வீட்டில் யாரையும்விட அதிகமாகப் போய் வருகிறவள் அவள். மற்றவர்களின் பைகளில் இருந்து ஆணி, கோதுமை, சூயிங்கம், ஒருதடவை உயிரோடு ஒரு தவளை என்று எடுத்துப்போட்டுத் துவைத்து மடித்துக் கொடுத்தவளும் அவள்தான்.

இதில் நாய்க்கு எதற்குக் கொக்கி? கழுத்துப்பட்டைக்காம்! துண்டு மாட்டவாம்! அந்த நாய் ஒருநாளாவது தன் துண்டைத் தானே எடுத்துத் துடைத்துக்கொண்டது உண்டா?

இதையெல்லாம் ஆர்டிஸ் சொல்லவில்லை. துணியை மெஷினுக்குள் எறிந்து, மூடியை வீடு அதிர மூடினாள். அவ்வளவுதான். எங்கள் பெண்கள் கோபத்தைப் பாத்திரத்திலும் கதவிலும்தான் பேசுவார்கள். காது உள்ளவன் கேட்டுக்கொள்ள வேண்டியது.

வெர்லினுக்குக் காது இருந்தது. பத்து மணிக்கு மரக்கடைக்குப் போக, கோபத்தில் கோட்டைக்கூட எடுக்காமல் ஆர்டிஸ் பிக்கப் வண்டியில் ஏறியதும் கேட்டான்.

"என்ன ஆர்டி, ஏதாவது பிரச்சனையா?"

"ஒண்ணுமில்லயே."

ஒரு மைல் போனது. இரண்டு பக்கமும் கறுப்பு வயலில் தண்ணீர் தேங்கி நின்றது.

"நிஜமாவே ஒண்ணுமில்லயா?"

"என்ன இருக்கப்போகுது?"

இன்னொரு மைல். எதிரே வந்த டிராக்டர்காரனுக்கு இரண்டு பேரும் ஸ்டீயரிங் மேலிருந்தும் மடி மேலிருந்தும் ஆளுக்கு ஒரு விரலைத் தூக்கி வணக்கம் காட்டினார்கள். கோபம் வேறு, மரியாதை வேறு.

"இல்ல, மெஷின் மூடிய அந்த அடி அடிச்சியே..."

மூன்றாவது தடவை கேட்டாயிற்று. இனிச் சொல்லலாம்.

"நாய்க்குக் கொக்கி இருக்கு வெர்லின்," என்றாள் ஆர்டிஸ். "நாய்க்கு! பேரு எழுதி ஒட்டியிருக்கு. எனக்கு எங்க?"

வெர்லின் உண்மையிலேயே முழித்தான். "உனக்கு வேணாம்னு நீதானே சொன்ன?"

"நானா? எப்போ?"

"ரெண்டு வாரம் முன்னாடி. ராத்திரி உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் சாப்பிட்டுட்டு இருந்தமே. நிக்கோலெட் காகிதத்த வச்சுக்கிட்டு எல்லாரையும் கேட்டா. 'ஆர்டிஸ், உங்களுக்கு ஒரு கொக்கி போடவா?'ன்னு. நீ என்ன சொன்ன? 'ஐயோ, உனக்கெதுக்கும்மா சிரமம், நான் எங்கயாவது வச்சுக்குவேன்'ன. அவளும் சரின்னு எழுதிக்கிட்டா."

ஆர்டிஸுக்கு ஞாபகம் வந்தது. நன்றாகவே வந்தது. எங்கயாவது வச்சுக்குவேன் என்று சொல்லிவிட்டு, கரண்டியைக் கீழே வைத்துக் காத்துக்கொண்டிருந்தாள். அடுத்த கேள்வி வரும் என்று. வரவில்லை. நிக்கோலெட் ஹாட்டி பக்கம் திரும்பி, உனக்கு எந்த உயரம் வேணும் என்று கேட்கப் போய்விட்டாள்.

இதில் என்ன தப்பு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஒரு பொருள் வேண்டுமா என்று கேட்டால் முதல் தடவை வேண்டாம் என்பது எங்கள் பக்கத்தில் மூச்சு விடுவது மாதிரி. இரண்டாம் தடவை கேட்டால், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்பது. மூன்றாம் தடவை கேட்டால், அவ்வளவு சொல்றீங்கன்னா சரி என்று வாங்கிக்கொள்வது. முதல் தடவையே கையை நீட்டுகிறவனை வயிறு காய்ந்தவன் என்போம். முதல் 'வேண்டாம்' என்பதை நம்பிப் போய்விடுகிறவனை என்ன சொல்வது என்று எங்களுக்குத் தெரியாது. அப்படி ஒருத்தரை நாங்கள் பார்த்ததே இல்லை, நிக்கோலெட் வரும் வரை.

"அவ நியூ ஜெர்சிக்காரி. அவளுக்குத் தெரியாது," என்றாள் ஆர்டிஸ். "நீ பக்கத்துலதானே உக்காந்திருந்த? உனக்குமா தெரியாது? இன்னொரு தடவ கேளும்மான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"வாய் நிறைய உருளைக்கிழங்கு இருந்துச்சு ஆர்டி."

"ரெண்டு வாரமாவா?"

வெர்லின் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, பெரிய மனது பண்ணிக் கேட்டான். "சரி, இப்ப உனக்கு ஒண்ணு போட்டுடவா?"

"வேணாம்."

"சரி," என்று இறங்கிப் போனான்.

ஆர்டிஸ் வண்டிக்குள்ளேயே வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். இதே ஊரில் பிறந்தவன்! இதே சர்ச்சில் ஞானஸ்நானம் வாங்கியவன்! இவனும் ஒரே தடவையோடு நிறுத்திவிட்டான் என்றால், இவன் தெரியாமல் செய்யவில்லை, வசதியாக இருக்கிறது என்று செய்கிறான். முப்பத்துநாலு வருஷம் கழித்து இப்போதுதான் அவளுக்கு இது உறைத்தது. அவளுடைய 'வேண்டாம்' ஒவ்வொன்றும் அவனுக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கிறது!

இன்னொன்றும் உறைத்தது. இந்த வீட்டுக்கு வந்த அன்று நாலு கொக்கியிலும் நாலு ஆண்களின் கோட்டுகள். மாமியாரின் கோட் எங்கே இருந்தது? அவளும் பால் கறந்தவள்தான், அவளும் வெளியே போய் வந்தவள்தான். அவள் கோட்டை எங்கே வைத்தாள் என்று ஆர்டிஸ் ஒருநாளும் யோசித்ததில்லை. ஃப்ரீசர் மேல் தன் கோட்டுக்கு அன்றைக்கு இடம் கிடைத்ததே மாமியார் தன் கோட்டை அங்கிருந்து எடுத்துக்கொண்டதால்தானோ என்னவோ.

கடைக்குள் வெர்லின் இரும்புக் கொக்கிகள் அடங்கிய பெட்டியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். பெட்டிக்கு ஆறு. "கச்சிதமா ஆறு!" என்றான், ஏதோ தானே வார்த்துச் செய்த மாதிரி. பக்கத்துத் தட்டில் தனிக் கொக்கிகள் கிடந்தன. ஆர்டிஸ் ஒன்றைக் கையில் எடுத்தாள். நல்ல கனம். குளிர்ந்து கிடந்தது. வெர்லின் திரும்பிப் பார்த்தான், அவள் கையைப் பார்த்தான், பிறகு திருகாணிகள் இருந்த பக்கம் போய்விட்டான். ஆர்டிஸ் கொக்கியைத் தட்டில் திரும்ப வைத்தாள். சத்தத்தோடுதான் வைத்தாள்.

அவர்கள் திரும்பி வந்தபோது மணி பன்னிரண்டு. குழந்தைகள் பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போயிருந்தார்கள். பின்கட்டுக் கதவைத் திறந்தால், மதியச் சாப்பாட்டுக்காக யாரோ ஃப்ரீசரைத் திறந்து இறைச்சி எடுத்திருக்கிறார்கள். கோட் தரையில் கிடந்தது. அதன் மேல் டீசல் கிடந்தது. சேறு காயாத நாலு காலையும் நீட்டி, பஸ் ஓட்டப் போட்டுக்கொள்ளும் கோட்டின் காலரில் மூக்கைப் பதித்து, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் தலைக்கு நேர் மேலே சுவரில் அதன் பெயர்.

ஆர்டிஸ் நாயை எழுப்பவில்லை. நாய் என்ன செய்யும்? அது கேட்காமலே எல்லாரும் கொடுக்கிறார்கள், வாங்கிக்கொள்கிறது. உண்மையைச் சொன்னால் அந்த வீட்டிலேயே அதற்குத்தான் பிழைக்கத் தெரிந்திருக்கிறது.

சாப்பாடு முடிந்து காபியும் ஒரு தட்டில் எலுமிச்சை இனிப்புத் துண்டுகளும் வந்தன. டாரின் பலகைகளைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு வந்தான். நிக்கோலெட் காகிதத்தை மேஜை மேல் விரித்து, பென்சிலால் தட்டினாள்.

"அறுக்கிறதுக்கு முன்னாடி கடைசியாக் கேக்கிறேன். யாருக்காவது ஏதாவது மாத்தணுமா? இப்பவே சொல்லிடுங்க. அப்புறம் அழக்கூடாது. மாமா?"

"எனக்குத் திருப்தி."

"டாரின்? சரி. ஆர்டிஸ், உங்களுக்கு எல்லாம் ஓகேவா?"

"எனக்கென்னம்மா, எல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றாள் ஆர்டிஸ். வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது. அத்தனை கோபத்திலும் சொல்லிவிட்டது.

"சூப்பர்," என்று நிக்கோலெட் எழுந்தாள். ரம்பத்தின் வயரைச் சொருகப் போனாள்.

"நில்லு," என்றாள் ஆர்டிஸ்.

அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. பஸ்ஸில் பின் சீட்டில் சண்டை போடும் பிள்ளைகளை நிறுத்துகிற குரல். அதை வீட்டுக்குள் அவள் கொண்டுவந்ததே இல்லை.

"நல்லா இல்ல. கொஞ்சங்கூட நல்லா இல்ல. எனக்கு ஒரு கொக்கி வேணும்."

டாரின் காபியைக் கீழே வைத்தான். வெர்லின் உத்தரத்தைப் பார்த்தான்.

"வேணாம்னு சொன்னீங்களே ஆர்டிஸ்," என்றாள் நிக்கோலெட், நிஜமாகவே குழம்பிப்போய். "நான் கேட்டேனே!"

"ஒரு தடவ கேட்ட."

"ஒரு தடவ கேட்டேன், வேணாம்னீங்க. பின்ன எத்தன தடவ கேக்கணும்?"

"மூணு," என்றார்கள் வெர்லினும் டாரினும் ஒரே குரலில்.

நிக்கோலெட் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். டாரின் காபிக் கோப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தான்.

"மூணா?" என்றாள். "இது உனக்குத் தெரியும். ஒன்பது வருஷமா என்கூட இருக்க. ஒரு வார்த்த சொல்லல?"

"இதெல்லாம் யாராவது சொல்லித் தெரியறதா..."

"அப்போ கோழிக்குத் தீனி போட நான் வரட்டுமான்னு உங்கம்மாவக் கேட்டேனே. வேணாம்மா, நீ தூங்குன்னாங்க. அஞ்சு மாசமா நான் தூங்கிட்டிருக்கேன்! துணி மடிக்கவான்னு கேட்டேன், வேணாம்னாங்க. அதுவும் பொய்யா?"

"பொய் இல்ல," என்றாள் ஆர்டிஸ் அவசரமாக. "மரியாத."

"அப்போ என் பக்கம் எப்படி? நீங்க எனக்கு மாடியில வெயில் வர்ற ரூம் வேணுமான்னு கேட்டீங்க. நான் உடனே வேணும்னேன். என்ன நெனச்சீங்க என்னைப் பத்தி? பேராசைக்காரின்னா?"

ஆர்டிஸ் கரண்டியால் காபியை இரண்டு சுற்றுச் சுற்றினாள்.

"கொஞ்சம்," என்றாள் ஆர்டிஸ். ஆரம்பித்தாயிற்று, இனி எதை மறைப்பது? "வந்த முதல் வாரமே தட்டுல இருந்த கடைசித் துண்டையும் எடுத்துச் சாப்பிட்ட."

"எடுத்துக்கோன்னு நீங்கதானே சொன்னீங்க!"

"ஒரு தடவதானே சொன்னேன்!"

நிக்கோலெட் உட்கார்ந்துவிட்டாள். முகம் சிவந்து போயிருந்தது. தட்டில் இப்போதும் ஒரு துண்டுதான் மிச்சம் இருந்தது. கடைசித் துண்டை முழுசாக எடுப்பது மரியாதை இல்லை என்று, வெர்லின் பாதி, டாரின் அதில் பாதி என வெட்டி வெட்டி, கடைசியில் விரல் நகம் அளவுக்கு வைத்திருந்தார்கள். நிக்கோலெட் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கினாள்.

"காலைல 'வித்தியாசமா இருக்கு'ன்னீங்களே. அதுக்கு என்ன அர்த்தம்?"

மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்தார்கள்.

"என் லசான்யாவ சர்ச்சு விருந்துல பத்துப் பேரு வித்தியாசமா இருக்குன்னாங்க," என்றாள் நிக்கோலெட். "பத்துப் பேரு! பிடிச்சிருக்குன்னு நெனச்சு நாலு தடவ செஞ்சு எடுத்துட்டுப் போனேன். பெரிய தட்டுல! அஞ்சு மாசமா ஒரு ஊரே சேந்து எங்கிட்ட வேற பாஷை பேசியிருக்கு, என் புருஷன் பக்கத்துல நின்னு சிரிச்சிட்டு இருந்திருக்கான்!"

இப்போது அந்த மேஜையில் கோபமான பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள். இருவரும் ஆண்களைப் பார்த்தார்கள். அது நல்லதுக்கில்லை என்று டாரினுக்கே புரிந்திருக்க வேண்டும், அவசரமாக ஒரு வழி சொன்னான்.

"இடம் ஆறுதான் இருக்கு. அதனால என்ன, டீசலோடத அம்மாவுக்குக் குடுத்துடலாம். நாய்க்கெதுக்கு?"

"நாயோட மிச்சமா எனக்கு?" ஆர்டிஸ் எழுந்தே விட்டாள். "நாய் போதும்னு விட்டத நான் எடுத்துக்கணுமா? இதே வீட்டுல முப்பத்துநாலு வருஷம் உங்க அழுக்கத் துவைச்சதுக்கு, நாய் எரக்கப்பட்டுக் குடுக்குதா எனக்கு?"

"அம்மா, நான் அப்படிச் சொல்லல..."

"அப்படித்தான் சொன்ன!" என்றாள் நிக்கோலெட்.

வெர்லின் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். கோபம் நடுவீட்டில் நிற்கும்போது குடும்பத் தலைவன் ஏதாவது சொல்லியாக வேண்டும். நாற்காலியில் நிமிர்ந்து, இரண்டு கைகளையும் விரித்து, சர்ச்சில் காணிக்கைத் தட்டை நகர்த்துகிற முகத்தோடு சொன்னான்.

"எதுக்கு இவ்வளவு சண்ட? ஆர்டி, நீ என்னோடத எடுத்துக்கோ."

சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தான். அடுத்து என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். ஐயோ வெர்லின், உனக்கு முழங்கால் வேற சரியில்ல, எனக்கு எதுக்கு, நான் எங்கயாவது வச்சுக்கறேன் என்பாள். அவன் இன்னொரு தடவை கேட்க வேண்டிய அவசியம் கூட இருக்காது. இத்தனை வருஷம் அவன் கொடுத்ததெல்லாம் இப்படித்தான், ஒன்றும் கையை விட்டுப் போனதில்லை.

ஆர்டிஸ் அவனைப் பார்த்தாள். அந்த வழக்கமான வார்த்தை நாக்கு நுனி வரை வந்து நின்றது. அதை விழுங்குவது கல்லை விழுங்குவது போல இருந்தது.

"சரி," என்றாள்.

வெர்லின் கொஞ்சம் காத்திருந்தான். வேறொன்றும் வரவில்லை.

"சரியா?" என்றான்.

"சரின்னுதானே சொன்னேன்."

"இல்ல, என்னோட இடம்... அது கதவுப் பக்கம்..."

"அதான் வசதி. காலைல அஞ்சரைக்குப் போறவ நான்தானே?"

நிக்கோலெட் அதற்குள் பின்கட்டுக்குப் போயிருந்தாள். வெர்லின் என்று எழுதிய டேப்பைச் சர்ரென்று கிழிக்கும் சத்தம் கேட்டது. பென்சில் எடுக்கத் திரும்பி வந்தவள் மேஜையருகே நின்று, "இன்னொரு தடவ கேக்கணுமா?" என்று ஆர்டிஸைக் கேட்டாள்.

"வேணாம்," என்றாள் ஆர்டிஸ். "இது நிஜ வேணாம்."

போகிற போக்கில் ஆர்டிஸ் தட்டில் இருந்த அந்த நகத்தளவு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். டாரின் அம்மாவை அதிர்ந்து போய்ப் பார்த்தான்.

வேலை முடிய இன்னும் ஒரு வாரம் ஆனது. பலகை அறுத்து, தடுப்பு நிறுத்தி, வெள்ளைப் பெயின்ட் அடித்து, பெஞ்சுக்கு மூடி போட்டார்கள். டிரையரின் ஆவிக்குழாயைக் கழற்றி மாட்டும்போது வெர்லின் கையை நசுக்கிக்கொண்டு இரண்டு நாள் எல்லாருக்கும் காட்டினான். கொக்கிகளைத் திருகியது நிக்கோலெட்தான். முதல் கொக்கியில் ஆர்டிஸின் கோட் தொங்கியது. அதை மாட்டிவிட்டு ஆர்டிஸ் ஒரு நிமிஷம் சும்மா நின்று பார்த்தாள். அந்தக் கோட்டுக்கு இடுப்பில் ஒரு வளைவு இருக்கிறது என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தொங்கினால்தானே தெரியும்.

திங்கட்கிழமை சாயங்காலம் பஸ்ஸை விட்டுவிட்டு வந்து, அவள் டிரையர் மேல் புதுப் பலகையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே நிக்கோலெட் காலுறைகளுக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் அவள் யாரையும் கேட்பதில்லை, வந்து உட்கார்ந்துவிடுகிறாள். நிக்கோலெட் எழுந்து, ராத்திரிக்கு வேண்டிய கோழியை எடுக்க ஃப்ரீசர் மூடியைத் தூக்கினாள். மேலே இருந்த வெர்லினின் பெரிய கோட் சரிந்து தரையில் விழுந்தது.

நிக்கோலெட் கோழியை எடுத்தாள். மூடியைச் சாத்தினாள். கோட்டைத் தாண்டிச் சமையலறைக்குப் போனாள்.

வெளியே போகலாம் என்று வந்த வெர்லின் கோட்டைப் பார்த்தான். ஆர்டிஸைப் பார்த்தான்.

"ஆர்டி, கோட் கீழ விழுந்துடுச்சு."

"ஆமா, பாத்தேன்," என்றாள் ஆர்டிஸ், தலையணை உறையின் மூலைகளைச் சேர்த்துக்கொண்டே.

அவன் இன்னும் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு, முழங்கால் இரண்டும் கறகறவென்று சத்தம் போட, குனிந்து எடுத்தான். வெளியே போகும் எண்ணம் போய்விட்டது போல. ஃப்ரீசரைப் பார்த்தான்; அங்கே வைத்தால் மறுபடியும் விழும். சுவரைப் பார்த்தான், ஆறு கொக்கியிலும் ஆறு பெயர். அறுபத்திரண்டு வயதில், தான் பிறந்த வீட்டின் பின்கட்டில், கோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான்.

"இத நான் எங்க வைக்கிறது?" என்றான்.

ஆர்டிஸ் உறையை மடித்து, மேல் மடிப்பைக் கையால் ஒருமுறை அழுத்தித் தடவிவிட்டு, அடுக்கின் மேல் வைத்தாள்.

"எங்கயாவது வச்சுக்கோயேன்," என்றாள்.